இருட்டும் ஒரு செட்தான்: ‘தி பிக் காம்போ’வைப் பிரித்துப் பார்க்கலாம்

‘தி பிக் காம்போ’ படத்தின் கடைசி ஷாட்டில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். புகை. புகைக்குப் பின்னால் ஒரு விளக்கு. ஓர் ஆண், ஒரு பெண், இருவருமே வெறும் கறுப்பு உருவங்கள். பட்டியல் அதோடு முடிந்துவிடும். கதைப்படி அது ஒரு சிறிய விமான நிலையம். அந்த ஷாட்டில் விமானமும் கிடையாது, ஓடுபாதையும் கிடையாது, கூட்டமும் கிடையாது. நுவார் (இருளும் நிழலும் குற்றமும் கலந்த பழைய ஹாலிவுட் பட வகை) என்றதும் பலருக்கு முதலில் கண்ணில் வருவது இந்தப் படம்தான்.

1955இல் வந்தது. இயக்கம் ஜோசப் ஹெச். லூயிஸ், ஒளிப்பதிவு ஜான் ஆல்டன், எழுத்து ஃபிலிப் யோர்டன். லெப்டினன்ட் டயமண்டாக நடித்த கார்னல் வைல்டின் சொந்தக் கம்பெனியும் தயாரிப்பில் பங்கு. அவர் மனைவி ஜீன் வாலஸ்தான் நாயகி சூசன். வெளியிட்டது அலைட் ஆர்ட்டிஸ்ட்ஸ். மோனோகிராம் என்ற பெயரில் மலிவுப் படங்களாக எடுத்துத் தள்ளிய அதே நிறுவனம், 1953இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. கையில் காசு குறைவு, வேலை தெரிந்த ஆட்கள் அதிகம் என்ற கூட்டணி.

இங்கே விமர்சனம் எழுதப்போவதில்லை. விதிகளை மதிக்காத ஒரு போலீஸ்காரனை வைத்துக் குறைந்த செலவில் நுவார் எடுக்க நினைப்பவர்கள் இந்தப் படத்திலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எடுக்கும்போது எங்கே சறுக்கும் என்பதுதான் விஷயம். கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தக் காலத்து மலிவுப் படங்கள் ஏன் அவ்வளவு இருட்டாக இருந்தன? ஜெர்மானிய பாணி, போருக்குப் பிந்தைய மனநிலை என்று நிறையச் சொல்வார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் கணக்குப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில் இரண்டாவது படத்துக்குத் தியேட்டர்காரர் கொடுத்தது நிலையான வாடகை. படம் எவ்வளவு ஓடினாலும் தயாரிப்பாளருக்கு அதற்கு மேல் வராது. வரவு முன்கூட்டியே தெரியும் என்பதால் செலவும் முன்கூட்டியே பூட்டப்பட்டுவிடும். ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு இந்த ஏற்பாடு மெல்லக் குலைந்தது. ஆனால் அதில் பழகிய கைகள் மாறவில்லை. சுவரின் பாதிக்கு மேல் விளக்கு போகவில்லை என்றால் ஆர்ட் டைரக்டர் அந்தப் பாதியைக் கட்ட வேண்டியதில்லை. இருட்டையும் ஒரு செட்டாகத்தான் அவர்கள் எண்ணினார்கள்.

லூயிஸ் இதை வேறு விதமாகவும் செய்து காட்டியவர். 1950இல் வந்த ‘கன் கிரேஸி’யில் வங்கிக் கொள்ளை முழுவதையும் காரின் பின் இருக்கையிலிருந்து ஒரே ஷாட்டில் எடுத்தார். கேமரா வங்கிக்குள் போகவே போகாது. எனவே வங்கி செட் வேண்டாம், கவுன்டர் வேண்டாம், பயந்து கையைத் தூக்கும் துணை நடிகர்களும் வேண்டாம். பார்ப்பவருக்கோ உள்ளே இருப்பதைவிட வெளியே காத்திருப்பதுதான் அதிகப் படபடப்பு. குறைந்த செலவுப் படத்துக்குத் திரைக்கதை எழுதும்போது ஒவ்வொரு காட்சிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்: எதைக் காட்டாமல் விட்டால் காட்சி இன்னும் நன்றாக இருக்கும்? காட்டாவிட்டால் காட்சி கெட்டுப்போகும் என்றால் மட்டும் பணத்தை அங்கே போடுங்கள்.

இனி அந்தப் போலீஸ்காரன். அடங்காத துப்பறிவாளன் என்றதும் நம் எழுத்தாளர்கள் முதலில் கொடுப்பது மூன்று நாள் தாடி, அப்புறம் குடி, அப்புறம் மேலதிகாரியின் மேஜையில் வீசப்படும் அடையாள அட்டை. இந்த மூன்றும் இல்லாமலே டயமண்ட் அடங்காதவன்தான். அவனுடைய கேப்டன் முதலில் கேட்பது கணக்கு. மிஸ்டர் பிரவுன் என்ற ஒரு கும்பல் தலைவனைப் பிடிக்க இவ்வளவு மாதம், இவ்வளவு டாலர் செலவழித்திருக்கிறாயே, கையில் என்ன இருக்கிறது என்கிறார். பிரவுனும் அதே இடத்தில்தான் குத்துகிறான்: டயமண்டின் வாரச் சம்பளத்தைச் சொல்லிக் கேலி செய்கிறான். இந்த மனிதனின் பிடிவாதத்துக்கு விலைச்சீட்டு தொங்குகிறது. பார்ப்பவர் அதை மறக்கவே முடியாது.

பிடிவாதத்தின் அடுத்த விலை ரீட்டா. டயமண்டுக்காகக் காத்திருந்த நடனக்காரி அவள். பிரவுனின் ஆட்கள் டயமண்டைச் சுட வந்து, அவன் அறையில் இருந்த அவளைச் சுட்டுவிடுகிறார்கள். விதியை மீறுகிற நாயகனுக்குத் திரைக்கதையில் வேண்டியது இதுதான்: மீறலுக்கான பில் வேறொருவர் கைக்குப் போக வேண்டும், அந்த வேறொருவரை நாம் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்க வேண்டும். சஸ்பெண்ட் உத்தரவு பில் ஆகாது. அடுத்த ரீலில் அது ரத்தாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவன் மீறுகிற விதி எது என்பதிலும் காலம் பார்க்க வேண்டும். டயமண்ட் ஆட்களைக் கொத்தாக அள்ளி வந்து விசாரிப்பது 1955இல் வழக்கைச் சாகடிக்காது. கைதானவருக்கு வாய்மூடியிருக்கும் உரிமையைச் சொல்லியாக வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பு 1966இல்தான் வந்தது. சட்டவிரோதத் தேடுதலில் கிடைத்த சாட்சியத்தை மாநில நீதிமன்றங்களும் ஒதுக்க வேண்டும் என்ற மேப் தீர்ப்பு 1961. கலிபோர்னியா கேஹன் வழக்கில் 1955 ஏப்ரலிலேயே அந்த முடிவுக்கு வந்துவிட்டது, இந்தப் படம் வந்து சில வாரங்களிலேயே. ஆக, அமெரிக்காவைக் களமாக வைத்து இன்றைய கதை எழுதினால் வாரன்ட் இல்லாமல் கதவை உடைக்கிற துப்பறிவாளன் தன் வழக்கைத் தானே உடைக்கிறான். அதைக் கவனிக்காத திரைக்கதை பாதியில் நொண்டும்.

நம் ஊர்க் கதை என்றால் கணக்கு வேறு. பெரும்பாலான இடங்களில் கொலைக்கென்று தனிப் பிரிவு உட்கார்ந்திருப்பதில்லை. சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர்தான் விசாரணை அதிகாரி, பெரிய வழக்கென்றால் தனிப்படை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவு. அந்த வாக்குமூலத்தை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்புக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். எனவே அடித்து உதைத்து ‘ஒத்துக்கிட்டான் சார்’ என்பதோடு கேஸை முடிக்கிற காட்சி, சட்டப்படி எதையும் முடிப்பதில்லை. உண்மையான பதற்றம் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் ஆவணத்தில்) கையெழுத்துப் போட்ட சாட்சி பிறழ்வாரா, கத்தி கிடைத்த இடத்துக்கு முதலில் போனது யார், கைது நேரத்தை எத்தனை மணி என்று எழுதினார்கள் என்பதில் இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற ஒரு விதியே முழுப் படத்துக்கும் கடிகாரமாகப் போதும். அந்த மாதிரிப் பதற்றத்துக்குச் செலவும் இல்லை, ஒரு மேஜையும் ஒரு கேஸ் டைரியும் போதும்.

ஒளிக்கு வருவோம். இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இருட்டு வேண்டும் என்று விளக்கைக் குறைத்துவிட்டு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றி, பிறகு கலர் கரெக்ஷனில் கீழே அமுக்குகிறார்கள். கிடைப்பது கறுப்பு அல்ல, புள்ளிபுள்ளியாகக் கொதிக்கிற சாம்பல். ஆல்டன் செய்தது நேரெதிர். ஃபிரேமின் சிறு பகுதிக்குத் தாராளமாக வெளிச்சம் கொடுத்தார், மீதிக்கு எதுவும் போகாமல் தடுத்தார். 1949இலேயே ‘பெயின்டிங் வித் லைட்’ என்று ஒளியமைப்புக்குத் தனிப் புத்தகம் எழுதியவர். குறைந்த விளக்குகளில் வேகமாக வேலை முடிப்பவர் என்று பெயர். அந்த வேகத்துக்காகவே சிறு தயாரிப்பாளர்கள் அவரைத் தேடினார்கள்.

எளிய கணக்கு ஒன்று. விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகும். நடிகர் விளக்கிலிருந்து 1 மீட்டரில் நிற்கிறார், சுவர் அவருக்கு 1 மீட்டர் பின்னால் என்றால் சுவரில் விழுவது கால்வாசி, அதாவது 2 ஸ்டாப் குறைவு (வெளிச்சம் ஒரு முறை பாதியானால் ஒரு ஸ்டாப்). நடிகரைச் சுவரிலிருந்து 3 மீட்டர் முன்னால் இழுத்தால் சுவரில் பதினாறில் ஒரு பங்கு, 4 ஸ்டாப் குறைவு. இதைப் படித்துவிட்டு 3 மீட்டர் இழுத்தும் சுவர் தெரிகிறதே என்று குழம்புவார்கள். காரணம் சுண்ணாம்பு வெள்ளை. நடுத்தரச் சாம்பல் 18 சதவீத ஒளியைத் திருப்பும், வெள்ளைச் சுவர் 80க்கு மேல். அந்த வித்தியாசமே 2 ஸ்டாப்பைத் தாண்டும். நீங்கள் பாடுபட்டுக் குறைத்த நாலில் பாதிக்கு மேல் சுவரே திருடிக்கொள்கிறது. வாடகை வீட்டில் எடுப்பதாக இருந்தால் பச்சை, நீலம் என்று அடர்த்தியான பெயின்ட் அடித்த பழைய வீடாகத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் விளக்கை நடிகருக்கு முன்னால் வைக்காமல் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் தள்ளி வையுங்கள். அப்போது சிதறுகிற ஒளி பின்சுவருக்குப் போகாமல் கேமரா பக்கம் வரும். லென்ஸில் அது நேராக விழாமல் ஒரு கட்டர் (ஒளியை மறைக்கும் கறுப்பு அட்டை) வைத்தால் போதும்.

10க்கு 12 அடி அறையில் இன்னொரு எதிரி கூரை. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் ஒளி வாங்க வேண்டும் என்று வைத்த விளக்கு, கூரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பி மறுபக்கத்தையும் நிரப்பிவிடும். இருண்ட பக்கத்தில், ஃபிரேமுக்கு வெளியே, நடிகருக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கறுப்புத் துணியை இறக்குங்கள். பளபளக்காத துணியாக இருக்க வேண்டும், சாட்டின் உதவாது. இரு பக்கத்துக்கும் 8க்கு 1 வித்தியாசம், அதாவது 3 ஸ்டாப், இருந்தால் நாடகத்தன்மை வரும். 16க்கு 1 போனால் நுவார். அதற்கும் மேலே போனால் கண் தெரியாது, நடிப்பும் தெரியாது.

நம் தோல் நிறத்துக்கு ஒரு குறிப்பு. கறுத்த முகத்துக்கு விளக்கின் அளவைக் கூட்டுவது முரட்டு வழி. பின்னால் இருக்கிற வெள்ளைச் சட்டைதான் முதலில் வெடிக்கும். கறுத்த தோல் அழகாகத் தெரிவது பளபளப்பில். பக்கவாட்டில் சற்றுப் பின்னாலிருந்து ஒரு தெர்மாகோலில் பட்டு வரும் ஒளி கன்ன எலும்பிலும் மூக்கிலும் கோடு போடும். மேக்கப்காரரிடம் பவுடர் டப்பாவை மூடிவைக்கச் சொல்லுங்கள். வியர்வை இந்த வகைப் படத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற ஒப்பனை. உடையில் வெள்ளையைத் தவிர்த்துச் சாம்பலோ காக்கியோ போடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுப்பதென்றால் மானிட்டரையும் கறுப்பு வெள்ளையில் வையுங்கள். கண்ணுக்குத் துல்லியமாகப் பிரிந்து தெரிகிற சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே சாம்பலாகிவிடும்.

ஜன்னல் பட்டை நிழல் இல்லாமல் நுவாரா என்பார்கள். திகட்டிப்போன விஷயம்தான், ஆனாலும் கேட்பவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன். நிழலின் விளிம்பு எவ்வளவு மங்கும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது: விளக்கு முகத்தின் அகலத்தை, பட்டைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பட்டைக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 10 செ.மீ. அகல விளக்கு, பட்டையிலிருந்து 4 மீட்டரில். பட்டை சுவரிலிருந்து 1 மீட்டரில். மங்கல் 2.5 செ.மீ. 5 செ.மீ. இடைவெளியில் வெட்டிய அட்டைக்கு இது போதும், கோடுகள் தெளிவாக விழும். அதே விளக்கை 1 மீட்டர் நெருக்கத்தில் வைத்து, பட்டையைச் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளிப் பிடித்தால் மங்கல் 20 செ.மீ. கோடுகள் கரைந்து சுவரில் பொதுவான அழுக்கு மட்டும் மிஞ்சும். சிறிய அறையில் இடம் போதாது என்றால் விளக்கை ஜன்னலுக்கு வெளியே, முடிந்தால் எதிர்வீட்டு மாடியில் வையுங்கள். சாஃப்ட் பாக்ஸ், ஸ்கிம்மர் என்று ஒளியை மென்மையாக்கும் எதுவும் அருகில் வரக் கூடாது. ஒளியைக் குவிக்கவும் விரிக்கவும் முடிகிற ஃபிரெனல் லென்ஸ் உள்ள விளக்கென்றால் ஸ்பாட்டில் (குவித்து) வைப்பதைவிட முழு ஃபிளட்டில் (விரித்து) வைத்தால் நிழல் கூர்மையாகும். பலர் தலைகீழாக நினைக்கிறார்கள்.

இப்போது அந்தப் புகை. கடைசிக் காட்சியில் புகை மூன்று வேலை செய்கிறது. இல்லாத பின்னணியை மறைக்கிறது, விளக்கின் ஒளியைப் பிடித்துத் தானே ஒரு திரையாகிறது, கறுப்பு உருவங்களுக்கு எதிர்நிறம் கொடுக்கிறது. இதற்கு ஒரே நிபந்தனை: ஒளி புகைக்குப் பின்னாலிருந்து கேமராவை நோக்கி வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் வெள்ளைச் சுவர் எழும்பும், நடிகர்கள் அதில் ஒட்டிய காகிதம் போல ஆவார்கள். விளக்கைக் கதவின் விளிம்புக்குப் பின்னாலோ நடிகரின் உடலுக்குப் பின்னாலோ ஒளித்து வையுங்கள். எக்ஸ்போஷரைப் புகைக்கு வையுங்கள், முகத்துக்கு அல்ல. வேவ்ஃபார்மில் (மானிட்டரில் பிரகாசத்தை 0 முதல் 100 வரை காட்டும் வரைபடத்தில்) புகையின் பிரகாசமான இடம் 60 முதல் 70 வரை, உருவங்கள் 5க்குக் கீழே. உருவங்கள் சாம்பலாகத் தெரிந்தால் கேமரா பக்கத்திலிருந்து ஏதோ ஒளி கசிகிறது: தெருவிளக்கு, இயக்குநரின் மானிட்டர், டீ கொண்டு வந்த பையனின் செல்போன்.

கறுப்பு உருவமாக நிற்க வைக்கும்போது நடிப்பு முழுக்க வெளிக்கோட்டில்தான். இருவர் தோள் ஒட்டினால் ஒரு கட்டி. அந்த ஷாட்டில் டயமண்டும் சூசனும் இடைவெளி விட்டு நிற்பதைக் கவனியுங்கள். கோட்டின் விளிம்பு, கால்களுக்கிடையே தெரியும் வெளிச்சம், முகத்தைப் பக்கவாட்டில் திருப்புவது, இவைதான் மொழி. சட்டையை டக் இன் செய்யாமல் தொங்கவிட்ட நாயகன் இந்த ஒளியில் தலையணை உறை மாதிரி தெரிவான்.

இயந்திரத்தில் இரண்டு வகை. கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்த திரவத்தைச் சூடாக்கிக் கொட்டுகிற ஃபாக் மெஷின் திரளாகத் தரும், சீக்கிரம் கலையும். ஹேஸர் மெல்லிய படலமாகத் தரும், உள்ளரங்கில் நீண்ட நேரம் நிற்கும். விமான நிலையக் காட்சிக்கு முதலாவது, அறைக் காட்சிக்கு இரண்டாவது. வெளிப்புறத்தில் காற்றுதான் வில்லன். மாலையில் முயல வேண்டாம், விடியலுக்கு முந்தைய அசையாத நேரம்தான் சரி. மெஷின் வாயில் நீண்ட பாலிதீன் குழாயை மாட்டி, அடிக்கு ஒரு துளை போட்டுத் தரையில் நீட்டினால் புகை ஒரே இடத்தில் குவியாமல் பரவும். ஊதியதும் உடனே ‘ஆக்‌ஷன்’ சொல்லாதீர்கள். திட்டுத் திட்டாக இருக்கும். ஓரிரு நிமிடம் விட்டு, மெஷினை அணைத்துச் சத்தம் அடங்கிய பிறகு எடுங்கள். பெரிய ஷாட்டை முதலில் முடித்து, நெருக்கமான ஷாட்டுகளுக்குப் பிறகு வாருங்கள். அடர்த்தி மாறினாலும் குளோஸப்பில் குறைவாகத் தெரியும். சாம்பிராணிப் புகை மலிவு, பழைய யூனிட்களுக்குக் கைவந்தது, ஆனால் ஒரு மணி நேரத்தில் நடிகர் கண் சிவந்துவிடும். டிரை ஐஸ் தரையோடு ஒட்டி ஓடும், மேலே எழும்பாது. மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து மயக்கம் வரும். அலுவலகக் கட்டடம் என்றால் தீ அலாரத்தை யார் அணைப்பது, யார் திரும்பப் போடுவது என்று பெயர் எழுதி வையுங்கள்.

படத்தில் இன்னொரு மலிவான அற்புதம் மெக்ளூரின் காது மெஷின். பிரவுனுக்குக் கீழே வேலை செய்கிற, ஒரு காலத்தில் பெரிய ஆளாக இருந்த மெக்ளூருக்குக் காது சரியாகக் கேட்காது. அந்த மெஷினைப் பிடுங்கி டயமண்டின் காதில் மாட்டி, ரேடியோவின் டிரம் சத்தத்தை ஏற்றிச் சித்திரவதை செய்கிறார்கள். பிறகு மெக்ளூரையே கொல்கிற நேரத்தில் பிரவுன் அதே மெஷினைக் கழற்றிவிடுகிறான், குண்டுச் சத்தம் அவனுக்குக் கேட்க வேண்டாம் என்று. படத்தின் ஒலி நின்றுவிடுகிறது. துப்பாக்கி வாய்கள் மின்னுகின்றன, அவ்வளவே. ரத்தம் இல்லை, காயம் இல்லை, சத்தம்கூட இல்லை. தணிக்கையும் எதையும் பிடிக்க முடியாது.

இதை அப்படியே செய்தால் இன்று ஓடிடியில் பார்ப்பவர் ஹெட்போனைத் தட்டிப் பார்ப்பார். அங்கே வேலை செய்ததற்குக் காரணம் அந்தப் பொருளுக்கு ஒலியோடு என்ன உறவு என்பதை முன்பே ஒரு முழுக் காட்சி செலவழித்து நிறுவியதுதான். நீங்கள் ஒலியை நிறுத்துவதாக இருந்தால், கழற்றுகிற செயலை குளோஸப்பில் காட்டி, அந்த நொடியிலேயே வெட்டுங்கள். மெல்லக் குறைக்க வேண்டாம். முந்தைய அரை நிமிடத்தில் காற்று, ஜெனரேட்டர், காலடி என்று ஒலியை நிறைத்து வைத்தால் வெட்டு உறைக்கும். ஒவ்வொரு லொகேஷனிலும் யாரும் அசையாமல் 60 நொடி அறை ஒலி பதிவு செய்துகொள்ளுங்கள். யூனிட் முனகும், செய்ய வையுங்கள். டப்பிங்கில் இருட்டு அறைக்கு உயிர் கொடுக்க அதுதான் கிடைக்கும்.

துப்பாக்கி மின்னலுக்கு ஒரு எச்சரிக்கை. கேமரா ஃபிளாஷை அடித்தால் பல கேமராக்களில் ஃபிரேமின் பாதியில் மட்டும் வெளிச்சம் விழும், சென்சார் வரிவரியாகப் படிப்பதால். 24 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 42 மில்லி நொடி. எல்இடி விளக்கை இரண்டு ஃபிரேம் அளவுக்கு எரியவிட்டால் ஒன்றாவது முழுதாகக் கிடைக்கும். பொது இடத்தில் பொம்மைத் துப்பாக்கியும் காக்கிச் சட்டையும் எடுத்தால் உள்ளூர் காவல் நிலையத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கம் சொல்வது நன்றாக இருக்காது.

கேமரா பக்கம் சுருக்கமாக. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தெருவிளக்கும் டியூப்லைட்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 24 ஃபிரேமில் 1/48 ஷட்டர் வைத்தால் இருட்டுக் காட்சியில் அந்தத் துடிப்பு ஊர்ந்து தெரியும். 1/50 வையுங்கள், அல்லது 25 ஃபிரேமிலேயே எடுங்கள். 8 பிட்டில் (நிறப் படிகள் குறைவாகப் பதிவாகும் முறையில்) புகை எடுக்கவே வேண்டாம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்கும் இடத்தில் படிக்கட்டு தெரியும். 10 பிட் இருந்தும், வெளியிடும் தளத்தின் சுருக்கம் கறுப்புப் பகுதிகளைக் கட்டம் கட்டமாக்கும். இறுதிப் பிரதியில் மெல்லிய கிரெயின் (ஃபிலிமில் வருவது போன்ற நுண்புள்ளிகள்) சேர்த்தால் அது ஓரளவு மறையும். கிரெயின் அதிகமானால் சுருக்கம் இன்னும் மோசமாகும் என்பதால் முன்கூட்டியே ஒரு நிமிடத் துண்டை ஏற்றிச் சோதித்துவிடுங்கள்.

இரவுக் கால்ஷீட்டின் கணக்கு எப்போதும் ஏமாற்றும். மாலை 6 முதல் காலை 6 வரை 12 மணி நேரம் என்று தாளில் இருக்கும். விளக்கு இறக்க, ஜெனரேட்டர் கேபிள் இழுக்க ஒன்றரை மணி, சாப்பாடு ஒரு மணி, கட்டி ஏற்ற முக்கால் மணி. மிச்சம் 9 மணிக்கும் குறைவு. ஒளி திசையை ஒரு முறை மாற்ற 40 நிமிடம் என்று வைத்தால் பத்துப் பன்னிரண்டு அமைப்புக்கு மேல் போகாது. அதனால் ஒரே திசை ஒளியில் வருகிற எல்லா ஷாட்டையும், எந்தக் காட்சியாக இருந்தாலும், சேர்த்து எடுங்கள். நடிகருக்குக் குழப்பம்தான், உதவி இயக்குநர் கையில் தொடர்ச்சிக் குறிப்பு சரியாக இருக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் நீல வானம் நம் ஊரில் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் நிற்கும், ஒரே ஒரு பெரிய ஷாட்டுக்கு மட்டும் அதை நம்பலாம்.

தெருவை நனைத்தால் ஒரு விளக்கு இரண்டாகும், தார் ரோடு கண்ணாடியாகிப் பின்னொளியைத் திருப்பித் தரும். வெயில் காலத்தில் பகல் சூட்டை வைத்திருக்கும் ரோடு சீக்கிரம் காய்ந்துவிடும், ஷாட்டுக்கு முன் மறுபடி தெளிக்கத் தண்ணீர் டேங்கர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே தெருவில் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத லைனில் விளக்கு மாட்டவே கூடாது; இணைப்புகளைத் தரையில் போடாமல் மரக்கட்டையில் ஏற்றி வையுங்கள்.

கார் காட்சியை ஓடும் காரில் எடுக்க வேண்டியதில்லை. வண்டியை இருட்டில் நிறுத்தி, பின் பம்பரில் ஒரு ஆள் மெல்ல அசைக்க, இருவர் எல்இடி டியூபை முன்னிருந்து பின்னாகக் கண்ணாடிக்கு வெளியே இழுத்துப் போனால் தெருவிளக்கு கடப்பது போலிருக்கும். ஒரே தாளத்தில் இழுத்தால் பொய் தெரிந்துவிடும். இரண்டு நொடி, ஐந்து நொடி, மூன்று நொடி என்று மாற்றி மாற்றி இழுக்கச் சொல்லுங்கள். பின் கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, தூரத்தில் இரண்டு சிறு விளக்கை வைத்தால் பின்தொடரும் வண்டி தயார்.

‘தி பிக் காம்போ’வை இதற்காகப் பார்க்கப் போகிறவர்கள் பிரதியைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் உலவும் பல பிரதிகளில் கறுப்பு முழுக்க அடைபட்டு, ஆல்டன் எங்கே நிறுத்தினார், பிரதி எங்கே விழுங்கியது என்று பிரித்தறிய முடியாது. சீர்செய்த பிரதி என்றால் குத்துச்சண்டை அரங்கின் நடைவழியில் சூசன் ஓடும் தொடக்கக் காட்சியில் ஒளித்திட்டும் இருளும் தெளிவாக மாறி மாறி வரும், துரத்துகிறவர்களின் கோட்டு மடிப்பு தெரியும். அந்த மடிப்பு தெரியவில்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள்.